படம் பெரிதாக்க வருமுன் அசலைத் தேடுங்கள்

செத்த வீட்டு அந்தியேட்டிக் கிரியைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பெரும்பாலும் என் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். கையில் போன், போனில் வட்ஸ்அப், அதில் யாரோ ஒரு கலியாண வீட்டில் எடுத்த கூட்டப் படம். இரண்டாவது வரிசையில், ஒரு தோள் மறைந்தபடி, அப்பா. "அண்ணை, இவரை மட்டும் வெட்டியெடுத்துப் பதினாறுக்கு இருபத்துநாலில் போடேலுமோ?"

போடலாம். மெஷின் எதையும் மறுக்காது. ஆனால் அந்தப் படத்தை விரித்துப் பார்த்தால் அப்பாவின் முகம் 150 பிக்சல் (படத்தை ஆக்கும் சின்னப் புள்ளி) அகலம்தான் இருக்கும். அதை எட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 19 பிக்சல்கூடத் தேறாது. கண் எது, கண்ணாடிச் சட்டம் எது என்று பிரித்தறிய முடியாது. "எடுத்தவரிடம் அசல் இருக்குமா?" என்று கேட்பேன். எடுத்த தம்பி கட்டாரில் இருப்பார். அவர் போன் மாற்றி இரண்டு வருசம் ஆகியிருக்கும்.

திருமலையில் (திருகோணமலையில்) சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு இந்தக் கதை மாதத்தில் நாலைந்து தடவை நடக்கிறது. படம் பெரிதாக்குவது எப்படி என்று எழுத உட்கார்ந்தவன், அசலைப் பத்திரப்படுத்துவதையும் சேர்த்தே எழுதுவது அதனால்தான். எடுத்த அன்று அந்த பைலை என்ன செய்தீர்கள் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கடையில் நாங்கள் செய்வது மிச்சப் பாதி.

முதல் வேலை: அசல் எது என்று கண்டுபிடிப்பது

கமராவோ போனோ படம் எடுத்த கணத்தில் எழுதி வைத்த பைல்தான் அசல். அதை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிப்போகும். எடுத்த திகதி, நேரம், கமரா விபரம் போன்ற உட்குறிப்புகளும் கழன்றுவிடும். 2023இல் வந்த ‘எச்டி’ வசதியைப் போட்டு அனுப்பினால் இன்னும் பெரிதாகப் போகும், ஆனாலும் அசல் போகாது. வைபர், மெசெஞ்சர், பேஸ்புக் எல்லாமே தங்கள் பங்குக்குச் சுருக்குகிறவைதான்.

அன்ட்ரொய்ட் போனில் பைலின் பெயரைப் பாருங்கள். நடுவில் ‘டபிள்யூ’, ‘ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பின்னால் நாலு இலக்கமும் இருந்தால் அது வட்ஸ்அப்பில் வந்தது. அங்கேயே நிறுத்தி, யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று சங்கிலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு போங்கள். எடுத்த ஆளின் போனிலோ, அவருடைய கூகுள் கணக்கிலோ அசல் கிடந்தாலும் கிடக்கும்.

கிடைத்தால் எப்படி வாங்குவது? வட்ஸ்அப்பிலேயே வாங்கலாம். அனுப்புகிறவர் இணைப்புக் குறியை அமத்தி, கலரியைத் தொடாமல் ‘டொக்கியுமென்ட்’ என்பதைத் தொட்டு அந்தப் படத்தைத் தெரிவு செய்ய வேண்டும். அப்போது பைல் ஒரு பிக்சல் குறையாமல் அப்படியே வரும். 2 ஜிபி வரைக்கும் விடும். ஜிமெயிலில் இணைப்பாக 25 எம்பி வரை அனுப்பலாம், ஒன்றிரண்டு படத்துக்கு அதுவே போதும். ஆள் பக்கத்தில் இருந்தால் யூஎஸ்பி வயரைவிட நம்பிக்கையான வழி இல்லை.

இரண்டாவது: கொப்பி எடுத்து, அசலைப் பூட்டுவது

இதை நான் பட்டுத்தான் படித்தேன். தொழில் தொடங்கின புதிதில் சின்னம்மாவின் மகளுக்குச் சாமத்திய வீடு. முந்நூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன். இன்டர்நெட் மெதுவாக இருந்த காலம்; வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக 800 பிக்சலுக்குச் சுருக்கக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. சுருக்கின படங்கள் அசல்களின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. மெமரி காட்டை அதற்கு முதலே துடைத்திருந்தேன். அல்பத்துக்குப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு கேட்டபோது என்னிடம் இருந்தது அங்குலத்துக்கு 44 பிக்சல். சின்னம்மா இன்றைக்கும் கலியாண வீடுகளில் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால், படம் கைக்கு வந்ததும் இரண்டு போல்டர் உருவாக்குங்கள். ஒன்றுக்கு ‘அசல்’, மற்றதற்கு ‘வேலை’ என்று பெயர். அசல் போல்டரில் போட்ட பைல்களை வலது கிளிக் செய்து, புரொப்பட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ என்பதற்குச் சரி போடுங்கள். பிறகு ஒரு கொப்பியை வேலை போல்டருக்கு எடுத்து, வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, பெரிதாக்குவது எல்லாவற்றையும் அதிலேயே செய்யுங்கள்.

வேலைக் கொப்பியை முதல் தடவை சேமிக்கும்போதே தரத்தைக் குறைக்காத டிஃப் வடிவத்தில் சேமிப்பது நல்லது. ஜேபெக் என்பது இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எடுபடாத நுணுக்கங்களைக் கழித்துவிடும் முறை. ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் மறுபடி கழிக்கும். சின்ன அளவில் இது தெரியாது. பெரிதாக்கினால் முதலில் தெரிவது இந்தக் கட்டங்கள்தான், அதுவும் வானத்திலும் கன்னத்திலும். சிலர் இதைக் கேட்டுவிட்டு, ஜேபெக் படத்தைத் திறந்து பார்க்கவே பயப்படுகிறார்கள். திறந்து பார்ப்பதாலும் கொப்பி எடுப்பதாலும் எதுவும் குறையாது. திருத்திச் சேமிக்கும்போதுதான் குறையும்.

மூன்றாவது: எத்தனை அங்குலம் தாங்கும்?

கடைக்கு வருகிறவர்கள் "ஐந்து எம்பி இருக்கு அண்ணை, காணும்தானே?" என்பார்கள். எம்பியை வைத்துச் சொல்ல முடியாது. பைலின் விபரத்தில் அகலம், உயரம் என்று இரண்டு எண் இருக்கும்; அவைதான் பேசும். அங்கேயே 72 அல்லது 300 என்று இன்னொரு எண்ணும் நிற்கும். அது வெறும் சீட்டு. 72ஐ அழித்து 300 என்று எழுதினால் படத்துக்குள் ஒரு பிக்சலும் கூடாது.

கணக்கு சுலபம். கையில் வைத்துப் பார்க்கும் அல்பம் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். சுவரில் மாட்டி இரண்டு, மூன்று அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 போதும். பிக்சல் எண்ணை இதால் வகுத்தால் அங்குலம் வந்துவிடும். வழமையான 12 மெகாபிக்சல் போன் படம் 4032க்கு 3024. முந்நூறால் வகுத்தால் 13 அங்குலத்துக்கு 10, நூற்றைம்பதால் வகுத்தால் 27க்கு 20. ஆக, உங்கள் போன் படம் எந்த வித்தையும் இல்லாமலே விறாந்தைச் சுவரில் 16க்கு 20 அளவில் மாட்டத் தாங்கும். 24 மெகாபிக்சல் கமராவின் 6000க்கு 4000 படம் என்றால் 40 அங்குலம் வரை போகலாம். நிறையப் பேருக்குப் பெரிதாக்கும் மென்பொருளே தேவைப்படாது, அசல் கையில் இருந்தால்.

போன் விளம்பரத்தில் 108 என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும்போது அது ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல்தான் எழுதும். 50 என்றாலும் நாலை ஒன்றாக்கிக் கிட்டத்தட்ட அதே கணக்கு.

அடுத்தது ஜூம். எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டைக்குள் போகும் எல்லோரும் மான் படம் எடுப்பார்கள். தூரத்தில் நிற்கும் மானை விரலால் நாலு மடங்கு இழுத்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். தூரத்தைக் கிட்டக் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லாத போனில் அது படத்தின் நடுத்துண்டை வெட்டி எடுப்பதுதான். அகலத்தில் கால்வாசி, உயரத்தில் கால்வாசி, மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு. 4032 பிக்சல் 1008 ஆகிவிட்டது. சுவர்க் கணக்கில் பார்த்தாலும் ஏழு அங்குலம் இல்லை. மிச்சம் போன் தானாக நிரப்பியது. மான் ஆட்களுக்குப் பழகினது. நாலு அடி நடந்து கிட்டப் போங்கள்.

இன்னொன்றும் நம்முடைய ஊருக்கென்றே சொல்ல வேண்டும். டச்சுக் குடாவிலோ நிலாவெளியிலோ அரை மணி நேரம் நின்றால் லென்ஸில் உப்புப் படலம் பிடித்துவிடும். போன் திரையில் தெரியாது, 20 அங்குலத்தில் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் இருக்கும். எடுக்க முன் சுத்தமான மெல்லிய துணியால் துடையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். பத்து நிமிடம் பைக்குள்ளேயே இருக்க விடுங்கள்.

நான்காவது: வெட்டுக் கணக்கு

போன் படம் நாலுக்கு மூன்று. கமராப் படம் மூன்றுக்கு இரண்டு. கடையில் இருக்கும் 8க்கு 10 பிரேம் ஐந்துக்கு நாலு. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது, எங்கோ ஒரு பக்கம் வெட்டுப்படும். கலியாணப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் கை போய்விட்டால் அது குடும்பப் பிரச்சினை. அளவைச் சொல்லும்போதே எங்கே வெட்டலாம் என்றும் சொல்லிவிடுங்கள். கமராப் படத்துக்கு 8க்கு 12, 12க்கு 18, 16க்கு 24 ஆகியவை வெட்டாமல் வரும். கடலும் வானமும் சேரும் கோடு சரிந்திருந்தால் முதலில் அதை நேராக்குங்கள், ஏனென்றால் நேராக்கும்போதும் ஓரம் போகும்.

ஐந்தாவது: உண்மையிலேயே பெரிதாக்குவது

பிக்சல் காணாது என்று முடிவானால்தான் இந்த இடத்துக்கு வாருங்கள்.

ஒரு படத்தை இரண்டு மடங்காக்கினால் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நாலு வேண்டும். மூன்றைக் கணினி பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. பழைய முறைகளில் பக்கத்துப் பிக்சல்களின் சராசரிதான் ஊகம். அதில் கியூபிக் வகை ஓரளவு நன்றாக வரும். போட்டோஷொப் வைத்திருப்பவர்கள் ‘இமேஜ் சைஸ்’ திறந்து, ‘ரீசாம்பிள்’ என்பதற்குச் சரி போட்டு, ‘பிரிசேர்வ் டீடெய்ல்ஸ் 2.0’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். காசு கொடுக்க விருப்பமில்லாதவர்கள் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ‘இமேஜ்’ மெனுவுக்குள் ‘ஸ்கேல் இமேஜ்’ எடுத்து, கீழே ‘கியூபிக்’ வையுங்கள். பத்துப் பத்து வீதமாகக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது என்று ஒரு பழைய உபாயம் உண்டு. நானும் வருசக் கணக்காகச் செய்திருக்கிறேன். இப்போதைய மென்பொருள்களில் அதனால் பெரிய பலன் இல்லை, ஒரே தடவையில் போங்கள்.

இந்த முறையில் இரண்டு மடங்கு வரை பயமில்லை. அதற்கு மேல் எல்லாம் பஞ்சுபோல ஆகும். எந்தப் படம் என்பதையும் பொறுத்தது. கோட்டை வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் மீன் சின்னத்தை மூன்று மடங்காக்கினாலும் கல் கல்லாகவே தெரியும். சுவாமிமலைப் பாறை, அலை, பனை, இதெல்லாம் பொறுத்துப்போகும். முகம்தான் பொறுக்காது. நமக்கு முகம் தெரியும், அதனால் பிழையும் தெரியும்.

செய்யும் ஒழுங்கு இது: முதலில் இருட்டில் எடுத்த படத்தில் இருக்கும் மணல்போன்ற புள்ளிகளையும் ஜேபெக் கட்டங்களையும் லேசாகக் குறையுங்கள். பிறகு வெளிச்சம், நிறம். பிறகு பெரிதாக்குதல். கூர்மையாக்குவது கடைசி. கூர்மையாக்கிவிட்டுப் பெரிதாக்கினால் கூர்மையாக்கியபோது வந்த வெள்ளை விளிம்பும் சேர்ந்து பெருக்கும். கோபுரத்தைச் சுற்றி வானத்தில் ஒரு ஒளிவட்டம் தெரியும். சாமிக்குப் பொருத்தம் என்று விடுவதென்றால் விடலாம். ‘அன்ஷார்ப் மாஸ்க்’கில் ஆரம் ஒன்றிலிருந்து இரண்டு பிக்சல், அளவு 80 அளவில் தொடங்கிப் பாருங்கள். திரையில் கொஞ்சம் கூடிவிட்டதோ என்று தோன்றும் அளவு கடதாசியில் சரியாக வரும்.

பிரின்டுக்குக் கொடுக்கும் பைலை மட்டும் ஜேபெக்காக, அதிகபட்சத் தரத்தில், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். பெரிய படம் அடிக்க முன் முகம் இருக்கும் பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே ஒரு 4க்கு 6 தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு சின்னப் படத்தின் காசு, பெரிய படத்தின் காசைக் காப்பாற்றும். எந்த நல்ல கடைக்காரரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். படம் சுமார்தான் என்றால் மினுமினுப்பான தாளை விட்டு மட் தாளோ கன்வஸோ கேளுங்கள். துணியின் நெசவு குறையை மறைக்கும்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பற்றி

இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் "ஏஐயில் போட்டுக் கிளியர் ஆக்குங்கோ" என்கிறார்கள். செய்கிறேன், ஆனால் பயந்து பயந்து. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், இல்லாத நுணுக்கத்தைத் தானே வரைகிறது. இலையையும் செங்கல்லையும் வரைந்தால் நல்லது. முகத்தை வரைந்தால்?

ஒரு முறை ஐயா ஒருவரின் அடையாள அட்டைப் படத்தை அப்படிப் போட்டுப் பார்த்தேன். திரையில் வந்தது பளிச்சென்று இருந்தது. நெற்றியில் இருந்த மூன்று விபூதிக் கோடுகள் தோல் சுருக்கமாக மாறியிருந்தன. இடது புருவத்துக்கு மேல் இருந்த மச்சம் அழுக்கு என்று துடைக்கப்பட்டிருந்தது. கண் இமைக்கு இருபது வயசுப் பெடியனின் மயிர். மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பான்ட தம்பி எண்டு சொன்னால் நம்புவன்" என்றார். ஐயாவுக்குத் தம்பியே இல்லை.

பிறகு செய்த வழியைச் சொல்கிறேன். சாதாரண கியூபிக் முறையில் பெரிதாக்கியதைக் கீழேயும், ஏஐ கொடுத்ததை அதன் மேலேயும் இரண்டு லேயராக வையுங்கள். மேல் லேயரின் அடர்த்தியை 40, 50 வீதத்துக்குக் குறையுங்கள். சட்டை, பின்சுவர், கதிரை போன்ற இடங்களில் ஏஐ நன்றாக உதவும், அங்கே அப்படியே விடலாம். கண், மூக்கு, வாய், நெற்றி வரும் இடத்தில் மேல் லேயரை மெல்லிய பிரஷ்ஷால் அழித்துக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா இருப்பார்.

மென்பொருள் என்றால் அப்ஸ்கேல் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. உங்கள் கணினியிலேயே ஓடும், படம் வெளியே எங்கும் போகாது. ஓரளவு நல்ல கிராபிக்ஸ் காட் தேவை. அடோபி 2021இல் கமரா ரோ என்ற தன் மென்பொருளுக்குள் ‘சூப்பர் ரெசொலூஷன்’ என்ற வசதியைச் சேர்த்தது; அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கும், ரோ பைலில் (கமரா பதப்படுத்தாமல் எழுதும் பைல்) மிக நன்றாக வரும். முகவரி தெரியாத இலவச இணையத்தளங்களில் பிள்ளைகளின் படங்களை ஏற்றாதீர்கள்.

கடதாசிப் படம் மட்டும்தான் இருக்கிறதா?

சண்டை, இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி என்று எத்தனை அல்பங்கள் நம் ஊரில் போயின என்று கணக்கில்லை. ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தைப் போனால் படம் எடுத்து அனுப்பாதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண 4க்கு 6 படத்துக்கு அங்குலத்துக்கு 600 போதும். 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 1200இல் வைத்தால் ஏறத்தாழ 1650க்கு 2120 பிக்சல் வரும். அதில் 8க்கு 10 தாராளமாக அடிக்கலாம். நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் புதையல், அதற்கென்று உள்ள ஸ்கேனரில் 2400க்கு மேல் வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் நிறத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மஞ்சள் கறையைப் பிறகு பிரித்தெடுக்க அது உதவும்.

பிரேமுக்குள் வருசக் கணக்காக இருந்த படம் ஈரக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். உரிக்கவே உரிக்காதீர்கள். மூக்கும் வாயும் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். பெரிது என்றால் பக்க வெளிச்சத்தில், கறுப்புத் துணியைக் கமராவுக்குப் பின்னால் பிடித்துப் படம் எடுங்கள், பிரதிபலிப்பு குறையும்.

இனி, அசலை எங்கே வைப்பது?

உலகம் முழுக்கப் படப்பிடிப்பாளர்கள் சொல்லும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று கொப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். வீட்டுக் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா வீடு வேறு இடம் ஆகாது. கடல் வந்தபோது இரண்டு தெருவுக்கும் சேர்த்துத்தான் வந்தது. வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கும் சொந்தத்திடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். நம் சனத்துக்கு இது புதிதே இல்லை. அந்தக் காலத்தில் கடிதத்தோடு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிய படங்கள்தான், இங்கே வீடு போன பிறகு, மாமி கையால் திரும்பி வந்தன.

மெமரி காட்டிலிருந்து இறக்கும்போது ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்யாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் சில படங்கள் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போகும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் கடைக்கு வந்த பழுதான காட்டுகளை நான் மறக்கவில்லை. ‘கொப்பி’ செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் பைல் எண்ணிக்கையும் மொத்த பைட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று திறந்து பாருங்கள். இரண்டாவது கொப்பியும் எடுத்த பிறகு, காட்டைக் கமராவுக்குள் போட்டு அங்கேயே போர்மட் செய்யுங்கள்.

தவறி அழித்துவிட்டால் அந்தக் காட்டில் இன்னொரு படமும் எடுக்காதீர்கள். அழித்த படம் அதே இடத்தில்தான் கிடக்கும், புதிய படம் மேலே எழுதப்படும் வரை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும். மீட்பதை வேறு டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லுங்கள்.

கமராவின் பைல் இலக்கம் 9999க்குப் பிறகு மறுபடி 0001இல் தொடங்கும். ஒரே போல்டரில் கொட்டினால் ஒரு நாள் பழைய படத்தின் மேல் புதிய படம் விழும். நாளுக்கு ஒரு போல்டர், 2025-01-14 என்று வருசம், மாதம், நாள் ஒழுங்கில் திகதி, பிறகு ‘பொங்கல்’ என்பதுபோல் ஒரு சொல். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். தமிழில் பெயர் வைத்த பைலைப் பார்த்துச் சில பழைய பிரின்ட் மெஷின்கள் விழிக்கின்றன. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உப்புக் காற்றும் ஒக்டோபருக்குப் பின் தொடங்கும் மாரி ஈரமும் கமராவுக்கும் டிஸ்க்குக்கும் ஆகாது. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகை மணி என்றால், மாறியதும் சூடாக்கி ஈரத்தை எடுத்து மறுபடி பாவிக்கலாம். சமைக்கிற தாச்சியில் வறுக்காதீர்கள், சில வகைகளில் நஞ்சு இருக்கிறது. டிஸ்க்கை மாதக் கணக்கில் அப்படியே விடாமல் இடைக்கிடை போட்டுத் திறந்து பாருங்கள். பென் ட்ரைவ் கொண்டுபோகக் கொண்டுவர மட்டும். எங்கள் கடை லாச்சிக்குள் மறந்து விட்டுப்போன பென் ட்ரைவ் முப்பதுக்குக் குறையாது. எத்தனை பேருக்கு அதுதான் ஒரே கொப்பியோ. கடைக் கணினி எதிலும் வைரஸ் இருக்கலாம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கடை உட்பட. எங்களிடம் கொண்டு வருவது கொப்பியாக இருக்கட்டும்.

கூகுள் போட்டோஸ் நல்லதுதான். 15 ஜிபி இலவசம், ஆனால் அது ஜிமெயிலுக்கும் ட்ரைவுக்கும் சேர்த்துத்தான்; 2021 ஜூனிலிருந்து ஏற்றும் படங்களும் அதே 15க்குள்தான் அடங்க வேண்டும். அமைப்பில் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை சுருங்கும். போனில் அந்த அப்பிலிருந்து அழித்தால் மேலே இருப்பதும் அழியும். 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், பிறகு இல்லை. இரண்டு வருசம் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம். ஆகவே அது மூன்றாவது கொப்பியாக இருக்கலாம், ஒரே கொப்பியாக அல்ல.

கடைசியாக, போன் பூட்டு. ஆள் போன பிறகு அவருடைய போனையே கொண்டுவந்து, "இதைத் திறக்கத் தெரியுமோ அண்ணை, இதுக்குள்ளதான் எல்லாப் படமும் இருக்கு" என்கிறார்கள். எனக்குத் தெரியாது. கூகுள் கணக்கில், நீண்ட நாள் பாவிக்காவிட்டால் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் குறிக்கும் வசதி இருக்கிறது. அமைப்புக்குள் போய் மகனையோ மகளையோ குறித்துவிடுங்கள். அது வேண்டாம் என்றால் கடவு எண்ணை ஒரு தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள்.

அதே பெட்டிக்குள் இன்னொரு தாளும் வைக்கலாம். முன்பெல்லாம் படத்துக்குப் பின்னால் பேனையால் பெயர் எழுதுவோம். இப்போது எழுத இடமில்லை என்று யாரும் எழுதுவதில்லை. போல்டருக்குள் ஒரு சின்ன எழுத்துப் பைல் திறந்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று அடித்து வையுங்கள். என் அப்பப்பாவின் கலியாணப் படத்தை 24 அங்குலத்துக்கு அழகாகப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறேன். பின்வரிசையில் மூன்றாவதாக, தலைப்பாகையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்று வருகிற எல்லாக் கிழவர்களிடமும் கேட்டுவிட்டேன். இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.